தங்கப் பூ போகாமல் சில்வர் பெயின்ட்டை எடுக்க

பாட்டியின் பழைய சிங்கர் தையல் மிஷின் மேல் யாரோ சில்வர் ஸ்பிரே அடித்துவிட்டார்கள், அடியில் இருக்கும் தங்கப் பூ வேலை கெடாமல் எடுக்க தின்னர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தின்னர் பக்கமே போகாதீர்கள். அந்தக் காலத்து மிஷின்களில் பூக்களுக்கு மேல் பூசியிருப்பது பெரும்பாலும் அரக்கு, மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுவார்களே, அதே அரக்கு. தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட், ஏன் கை சானிடைசர் பட்டால்கூட அது இளகிவிடும். பூவும் பஞ்சோடு வந்துவிடும்.

முதலில் ஊசியைக் கழற்றுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில், தையல் மிஷின் எண்ணெயில் தோய்த்த பஞ்சை ஓரிரவு வைத்துப் பாருங்கள். பல வருட எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்த பெயின்ட் பல இடங்களில் சரியாகப் பிடித்திருக்காது. காலையில் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சாய்வாகத் தள்ளினால் செதில் செதிலாகக் கழன்று வரும். வந்தால் மற்ற இடங்களிலும் அப்படியே செய்யுங்கள், ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு போதும்.

பூ இருக்கும் இடத்தில் மட்டும் கார்டு வேண்டாம். எண்ணெயும் மழுங்கிய பல்குச்சியும்தான். பஞ்சில் பொன் மினுக்கோ கறுப்போ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். நான் எங்கள் அத்தை மிஷினில் ஓர் இலை மேல் இரண்டு சில்வர் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டேன்.

மூலையில் வைத்த பஞ்சு என்ன சொன்னது என்று எழுதுங்கள்.