வீட்டில் தோட்டா ரீலோட் செய்பவர்கள் ஆபத்தான தவறுகளை எப்படித் தவிர்க்கிறார்கள்?

ரீலோட் என்றால், சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டில் (கேஸ்) புதிய பிரைமர் (தட்டினால் தீப்பொறி தரும் சின்ன மூடி), வெடிமருந்து, பறந்து போகும் குண்டு மூன்றையும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த விளக்கத்தையும் படித்தேன். யூடியூபில் பார்த்தால் சமையலை விடச் சுலபமாகத் தெரிகிறது, அப்படியானால் விபத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ரீலோட் செய்யும் கருவியான பிரஸ்ஸின் விலையை ரிங்கிட்டில் கேட்டிருப்பதால் நீங்கள் இங்கேதான், அனேகமாகக் கோலாலம்பூர் பக்கம், இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் முதல் பதில்: மலேசியாவில் இதை வீட்டில் செய்யாதீர்கள். 1960 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி இல்லாமல் தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். உள்ளே போடும் வெடிமருந்துக்கு 1957 வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஞாபகத்துக்கு என்று ஒரே ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் பட்டர்வொர்த்காரன். சில வருடம் மெல்பர்னில் வேலை பார்த்தபோது முறையாக லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினராக இருந்து, அங்கே ரீலோட் செய்யக் கற்றுக்கொண்டேன். பினாங்குக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் லைசென்ஸ் உள்ள கிளப் நண்பர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இதை எழுதினால் "நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு" என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். கூட்டுக்கொள்ளைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒலிம்பிக்கில் இது 1896-லேயே இருந்த விளையாட்டு. நான் யாரையும் துப்பாக்கி வாங்கச் சொல்லவில்லை. இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற நம் பிள்ளைகள் நிறைய. அங்கே போய் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு கையை இழப்பதை விட இங்கேயே ஒருவர் சொல்லிவிடுவது நல்லது.

விபத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கிளப்பில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருந்தார். நல்ல மனிதர், நன்றாகச் சுடுவார். .38 ஸ்பெஷல் ரிவால்வர் வைத்திருந்தார். சொந்தமாக ரீலோட் செய்த தோட்டாக்களோடு ஒரு சனிக்கிழமை வந்தார். பக்கத்து லேனில் நான். நேரம் குறித்துச் சுடும் போட்டிக்கான பயிற்சி என்பதால் எல்லாரும் வேகமாகச் சுட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய ஒரு வெடி மட்டும் 'டப்' என்று மெல்லிசாகக் கேட்டது. காதில் கவசம் இருந்தும் வித்தியாசம் தெரிந்தது. கையும் உதறவில்லை. அவர் அடுத்த வெடிக்கு விரலை இழுக்கப் போகிறார். நான் தொண்டை கிழிய "ஸ்டாப்!" என்று கத்தினேன். ரேஞ்சில் யார் வேண்டுமானாலும் அப்படிக் கத்தலாம், கத்தினால் எல்லாரும் நிறுத்தியே ஆக வேண்டும். அது விதி.

"ஒண்டும் இல்லைத் தம்பி, மருந்து கொஞ்சம் குறைஞ்சிருக்கும்" என்றார். "அண்ணே, துப்பாக்கியை இறக்கிடாதீங்க, முன்பக்கமே பிடிச்சிருங்க" என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழாய்க்குள், பார்த்தால் அடைப்பு. குண்டு உள்ளேயே நிற்கிறது. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை. பிரைமரின் சக்தி மட்டும் குண்டைப் பேரலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நின்றுவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் இரண்டாவது குண்டு அதன் மேல் மோதி, பேரல் வீங்கியிருக்கும், அல்லது வெடித்திருக்கும்.

எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள், தப்பித்தீர்கள் என்றார்கள். எனக்கு அதோடு விட மனம் வரவில்லை. அவர் பயன்படுத்தியது ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும் புரோகிரஸிவ் பிரஸ், கேஸ்கள் நிற்கும் தட்டைக் கையால் திருப்பும் வகை. அதில் ஒரு கேஸில் மருந்து விழாமல் போனால், பக்கத்திலேயே ஒரு கேஸில் இரண்டு தடவை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். தட்டைத் திருப்பாமல் கைப்பிடியை இழுத்தால் இரட்டை, கூடுதலாக ஒரு தடவை திருப்பினால் காலி. "அண்ணே, இந்தப் பெட்டியில் இனி ஒன்றைக்கூடச் சுடக் கூடாது" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. மெனக்கெட்டுச் செய்தது அல்லவா. ஆனாலும் கேட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். அதற்குச் சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு, தட்டினால் குண்டு கழன்று வரும். ஒன்றில் இருந்தது சரியாக இரண்டு மடங்கு மருந்து. அதை மேசையில் கொட்டிப் பார்த்தபோது அண்ணி அழுதுவிட்டார். லோட் செய்துகொண்டிருக்கும்போது ஊரிலிருந்து போன் வந்ததாம், பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார்.

இது .38 ஸ்பெஷலில் ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், அது 1898-இல் கருமருந்துக்காக வடிவமைத்த தோட்டா. கருமருந்து நிறைய இடம் பிடிக்கும், அதனால் கேஸ் நீளம். இப்போதைய புகையில்லா மருந்தில் வேகமாக எரியும் ரகம் கால் கிராமுக்கும் குறைவாகவே போதும். கேஸின் அடியில் கொஞ்சம் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. முடிந்த தோட்டாவை நிறுத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. கேஸுக்குக் கேஸ், குண்டுக்குக் குண்டு எடை வித்தியாசமே அந்த மருந்தின் அளவை மறைத்துவிடும்.

அதனால் நான் கடைப்பிடித்த முறை இது. மரக்கட்டையில் குழி வைத்த தட்டில் கேஸ்களை வரிசையாக நிறுத்தி எல்லாவற்றிலும் மருந்து போட்டு முடிப்பேன். ஒரு குண்டைக்கூடப் பொருத்துவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்ப்பேன். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண் பழகிவிடும். நடுவில் யாராவது கூப்பிட்டால், கையில் இருக்கும் கேஸின் மருந்தைக் கொட்டிவிட்டு எழுந்திருப்பேன், திரும்பி வந்ததும் தட்டு முழுவதையும் மறுபடி பார்ப்பேன். போன் வேறு அறையில். இன்னொரு வழியும் உண்டு: கேஸில் பாதிக்கு மேல் நிறைகிற பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால், இரட்டை விழுந்ததும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஒழுக்கம் எனக்கு மெல்பர்னில் வந்ததல்ல. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தபோது வந்தது. அந்தக் கம்பெனி பெயர் வேண்டாம். ஒருநாள் இரவு ஷிப்டில் இரண்டு லாட் பொருள் கலந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து நான் லைனை நிறுத்தினேன். சந்தேகம் சரிதான், கலந்திருந்தது. ஆனால் அந்த மாத இலக்கு குறைந்தது என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். வருட மதிப்பீட்டில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதினார்கள். வேகமாக ஓட்டிக் கணக்குக் காட்டியவருக்குப் பதவி உயர்வு. நிறுத்திச் சரிபார்த்தவனுக்கு ஒன்றுமில்லை. அங்கே எத்தனையோ தமிழ்ப் பையன்கள் தவறைச் சரியாகக் கண்டுபிடித்தும் வாயைத் திறக்கப் பயந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இன்னும் மனதில் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் நிறுத்துகிறவனைத் திட்டுகிற இடத்தில் யாரும் உருப்படியாக வேலை கற்க முடியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

அடுத்த பெரிய தவறு மருந்தின் பெயரில். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்க வேண்டும், மற்றவை அலமாரியில் பூட்டி. ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் தயாராகும் ஏஆர்2208, அமெரிக்காவில் வார்கெட் (Varget) என்ற பெயரில் விற்கிறது. ஏஆர்2209 அங்கே ஹெச்4350. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், இரண்டும் வேறு வேறு மருந்து. ஹெச்4350, ஐஎம்ஆர் 4350 என்று எண் ஒன்றாக இருப்பதால் அவையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், அளவுகளை மாற்றிப் போடக் கூடாது. பெயர் அழிந்த டப்பாவில் இருப்பதை நிறம் பார்த்து, மணம் பார்த்து ஊகிக்கவே கூடாது.

அளவை மருந்துக் கம்பெனியின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். வீடியோவில் ஒருவர் சொன்னது அவருடைய துப்பாக்கிக்குச் சரியாக இருந்திருக்கலாம். கையேட்டில் உச்ச அளவு என்று ஒன்று, தொடக்க அளவு என்று ஒன்று இருக்கும். தொடக்க அளவு பொதுவாக உச்சத்தை விடப் பத்து சதவீதம் குறைவு. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். குறைத்துப் போட்டால் பாதுகாப்பு என்று தொடக்க அளவுக்கும் கீழே போகாதீர்கள். குண்டு பேரலிலேயே நின்றுவிடும், மெதுவாக எரியும் சில மருந்துகளில் அழுத்தம் கணிக்க முடியாமல் எகிறவும் செய்யும். குண்டைக் கையேடு சொல்வதை விட ஆழமாகப் பொருத்தினாலும் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடும். 9 மில்லிமீட்டர் மாதிரிச் சின்னத் தோட்டாவில் இது ரொம்ப முக்கியம்.

மின்விசிறிக்குக் கீழே தராசை வைக்காதீர்கள். காற்று பட்டாலே எடை மாறும். எடைக்கல் வைத்து ஒவ்வொரு தடவையும் சரிபாருங்கள்.

ரைபிள் கேஸைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே சுவர் மெலிந்திருக்கிறது, அடுத்த வெடியில் அங்கேயே இரண்டாகப் பிரியலாம். கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால் பள்ளம் விரலுக்குத் தெரியும்.

பிரைமர்களை வாங்கிய பெட்டியிலேயே வையுங்கள், பாட்டிலில் கொட்டாதீர்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். கண்ணாடி போடாமல் மேசையில் உட்காராதீர்கள். பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. கேஸ் சுத்தம் செய்யும்போது எழும் தூசி மோசமானது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சமையலறையிலோ சாப்பாட்டு மேசையிலோ இந்த வேலை கூடாது. முடிந்ததும் கையைக் கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். இதையெல்லாம் மிகைப்படுத்துகிறேன் என்று அனுபவம் உள்ள யாராவது சொன்னால், சொல்லட்டும். அந்த இரட்டை மருந்தை மேசையில் பார்த்தவன் நான்.

யாழ்ப்பாணத்து அண்ணனின் ரிவால்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பித்தளைக் கம்பியால் குண்டைத் தட்டி எடுத்தார், பேரல் நேராகவே இருந்தது. அண்ணன் அதன் பிறகு ஒவ்வொன்றாகச் செய்யும் சாதாரண பிரஸ்ஸுக்கு மாறிவிட்டார்.

பிரஸ் விலையை நான் சொல்லப் போவதில்லை, இங்கே அது உங்களுக்குத் தேவைப்படாது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற திட்டம் இருந்தால் எந்த மாநிலம் என்று கீழே எழுதுங்கள். லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விக்டோரியாவில் நான் செய்த வழியை வரிசையாக எழுதித் தருகிறேன்.