வாசகர் கேள்வி–பதில்: வீட்டு வாசலுக்குப் போகும் முன்

கேள்வி: எங்கள் சபையின் தெருவோர இளைஞர் ஊழியத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். பதினோரு வயதில் வீட்டைவிட்டு ஓடி, தெருவிலேயே வளர்ந்து, இப்போது எங்கள் இல்லத்தில் தொழில் பழகும் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் பெற்றோரைப் பார்க்க ஆசைப்படுகிறான். முன்னதாகச் சொன்னால் மறுத்துவிடுவார்கள், நேரே அழைத்துப் போய் வாசலில் நிறுத்திவிடலாம் என்கிறார் எங்கள் போதகர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஊதாரி மகன் உவமையை (லூக்கா 15) மனத்தில் வைத்து அவர் சொல்லியிருக்கலாம். மகன் தூரத்தில் வரும்போதே கண்டு, ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பன் அவன். நீங்கள் போகும் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரா, மகன் இறந்துவிட்டான் என்று அழுது முடித்துவிட்டார்களா, வெட்கத்தால் அவன் பெயரையே எடுக்காமல் இருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. அதே உவமையின் பிற்பகுதியில், விருந்துச் சத்தம் கேட்டும் உள்ளே வர மனமில்லாமல் வெளியே நிற்கும் மூத்த மகன் ஒருவனும் இருக்கிறான். பிரசங்கங்களில் அவனை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் குடும்ப ஒப்புரவுப் பணியில் இறங்குகிறவர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது அவனோடுதான். ஓடிப்போனவனின் பங்குப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த அண்ணனோ அக்காவோ மனம் இளகாத வரை, தாயின் கண்ணீர் அந்த வீட்டில் அதிக நாள் செல்லுபடியாகாது.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான வேதபகுதி, பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபம். எசமானான பிலேமோனை விட்டுப் பிரிந்திருந்த அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கும்படி பவுல் எழுதுகிறார். அடிமைக்கும் எசமானுக்கும் இருந்த உறவைக் குடும்ப உறவுக்கு ஒப்பிட நான் வரவில்லை. நடுவில் நிற்பவர் பழைய கணக்கைக் கேட்டறிந்து அதற்குப் பொறுப்பேற்கிறாரே, அதை மட்டும் பாருங்கள். வீட்டிலிருந்து பணத்தையோ நகையையோ எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் பலர். பையன் அதை மறந்திருப்பான், வீடு மறந்திருக்காது.

ஆகவே முதலில் நீங்களோ, அந்த ஊரில் நம்பகமான ஒருவரோ தனியாகப் போய்ப் பேசுங்கள். அவனுடைய அண்மைக்காலப் புகைப்படத்தைக் கையில் கொண்டுபோங்கள். பெற்றோர் மனத்தில் இருப்பது பதினோரு வயது முகம். தாடியும் பச்சை குத்திய கையுமாக நிற்கும் இளைஞனை முதல்முறையாக வாசலில் பார்த்தால் அவர்கள் திகைப்பார்கள், அந்தத் திகைப்பை அவன் வெறுப்பாக எடுத்துக்கொள்வான். பிறகு தொலைபேசியில் இரண்டு மூன்று முறை பேசட்டும். முதல் சந்திப்பு சில மணி நேரம் போதும். திரும்பி வருவதற்கான பயணச்சீட்டை முன்பே எடுத்து அவன் சட்டைப்பையில் வையுங்கள். பேச்சு தடித்தால் துரத்தப்பட்டவனாக இல்லாமல், நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கௌரவமாக எழுந்து வர அது உதவும். அவன் வயது வந்தவன் என்பதால் முடிவு அவனுடையது. பதினெட்டு நிறையாதவனாக இருந்தால், உங்கள் நாட்டின் குழந்தை நல அதிகாரிகளைக் கேட்காமல் எந்த இல்லமும் பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடக் கூடாது.

கேள்வி: காணாமற்போன என் பதினாறு வயது மகன் ஒரு கிறிஸ்தவ இல்லத்தின் மூலம் திரும்பக் கிடைத்தான். நாங்கள் வேறு மதத்தினர். அவன் இப்போது இரவில் ஜெபம் செய்கிறான். உதவி என்ற பெயரில் மதம் மாற்றிவிட்டார்களோ என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் உறவினர்களின் ஐயத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் பிரிட்டனின் கிறிஸ்தவ அறநிலையங்கள் பல, ஏழைப் பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றின. அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். இதற்காக 2009இல் ஆஸ்திரேலியப் பிரதமரும் 2010இல் பிரிட்டிஷ் பிரதமரும் மன்னிப்புக் கேட்டார்கள். அதே நூற்றாண்டில் வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு: இத்தாலியின் தூரின் நகரில் டான் போஸ்கோ என்ற பாதிரியார் 1852இல் ஒரு பையனைத் தச்சு வேலை பழகச் சேர்த்துவிட்ட ஒப்பந்தத்தில், பையனின் தகப்பனும் பிணை நின்றார்.

ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 14ஆவது பிரிவில், பிள்ளையின் மனச்சாட்சி உரிமையையும் அதில் அவனை வழிநடத்தும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. இல்லத்தாரிடம் நேராகக் கேளுங்கள்: ஜெபத்துக்கு வராத பிள்ளைக்கும் அதே சாப்பாடும் படுக்கையும் உண்டா? எங்களைக் கேட்காமல் ஞானஸ்நானம் கொடுத்தீர்களா? ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னால் மதியுங்கள், மழுப்பினால் அதிகாரிகளிடம் போங்கள். மகனை மட்டும் இப்போது விசாரணைக் கூண்டில் ஏற்றாதீர்கள். தெருவில் பயந்து கிடந்த இரவுகளுக்குப் பின் அவனுக்குத் தூக்கம் தந்த பழக்கமாகவும் அது இருக்கலாம். அதைப் பறிப்பது அவனை வீட்டில் இருத்தும் வழியாகாது.

கேள்வி: குடித்துவிட்டு அடித்த அப்பாவுக்குப் பயந்துதான் ஓடினேன். “தகப்பனைக் கனம்பண்ணு” என்று சொல்லி, மன்னித்து வீட்டுக்குப் போகும்படி இல்லத்தில் வற்புறுத்துகிறார்கள். போகாவிட்டால் பாவமா?

பதில்: இல்லை, தம்பி. அந்தக் கட்டளையை எடுத்துச் சொல்லும் எபேசியர் ஆறாம் அதிகாரம், அடுத்த மூச்சிலேயே பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கும் சொல்கிறது. மன்னிப்பது நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது, அதற்குக் கெடு வைக்க யாருக்கும் உரிமையில்லை. ஒப்புரவுக்கு அவரும் வர வேண்டும். வேதாகமத்தில், தன்னை அடிமையாக விற்ற சகோதரர்களை யோசேப்பு அடையாளம் கண்டவுடனே கட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகே தன்னை வெளிப்படுத்தினார்.

ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால்தான் உறவு என்பதும் இல்லை. மேலே சொன்ன டான் போஸ்கோவே, தகப்பனின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணனின் பகையால் 1827இல் சிறுவனாக வீட்டைவிட்டு வெளியே போய்ப் பண்ணையில் வேலை செய்தவர். அவரை அனுப்பிவைத்த தாய்தான் 1846இல் அவருடைய இல்லத்துக்கு வந்து அங்கிருந்த பையன்களையும் கவனித்துக்கொண்டார். உங்கள் அம்மாவைப் பார்க்க ஆசை இருந்தால், அப்பா இல்லாத பொதுவான ஓர் இடத்துக்கு அவரை அழைத்துவரும்படி இல்லத்தாரிடம் கேளுங்கள். அப்பா குடியை விட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால், எத்தனை மாதமாயிற்று என்பதையும் அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.