யாரை ஜெயித்தார், எப்போது ஜெயித்தார்? குத்துச்சண்டை கேள்வி பதில்

ஒரு குத்துச்சண்டை வீரரின் தரத்தை அவர் மோதிய ஆட்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். பாம்பனில் ஆரம்பித்து தொண்டி வரை கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பாம்பன் தம்பி ஒருவர்: அண்ணே, மேவெதர் 50 போட்டி, 50 வெற்றி. அலி 5 தடவை தோற்றவர். அப்புறம் எப்படி அலியைப் பெரியவர் என்கிறீர்கள்? கணக்கு கணக்குதானே?

தம்பி, ஒருவர் "முந்நூறு நாள் கடலுக்குப் போயிருக்கிறேன்" என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? வடகடலா தென்கடலா, சோழகத்திலா (தென்காற்று) வாடையிலா (வடகாற்று) என்றுதானே? சோழகம் அடிக்கிற மாதத்தில் தென்கடலில் வலை விட்டவரையும் வடகடலில் விட்டவரையும் ஒரே கணக்கில் சேர்க்க மாட்டீர்கள். 50-0 என்பதையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் அலியின் 5 தோல்விகள். 1971இல் ஃபிரேசியர், 1973இல் நார்ட்டன், 1978இல் லியோன் ஸ்பிங்ஸ், 1980இல் ஹோம்ஸ், 1981இல் பெர்பிக். முதல் மூன்று பேரையும் அலி திரும்ப மோதி ஜெயித்துவிட்டார். கடைசி இரண்டு தோல்விகள் 38, 39 வயதில் வந்தவை, அந்த வயதில் அவர் ரிங்கில் ஏறியிருக்கவே கூடாது. இனி வெற்றிகளில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் எதிரே நின்ற ஃபோர்மேனின் கணக்கு 40-0. அலியைத் தோற்கடித்த ஃபிரேசியர், நார்ட்டன் இருவரையும் இரண்டே சுற்றில் சாய்த்துவிட்டு வந்தவர். அந்த ஆளை 32 வயது அலி எட்டாவது சுற்றில் விழ வைத்தார். அதே ஃபோர்மேன் இருபது வருடம் கழித்து, 1994இல், 45 வயதில் மறுபடியும் உலக சாம்பியன் ஆனார். தோற்றவர் பிற்பாடு என்ன செய்தார் என்பதும் அந்த வெற்றிக்கு எடை கூட்டும்.

அலியின் பட்டியலிலும் சலுகை கொடுக்கக் கூடாத இடம் உண்டு. 1966இல் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை அவர் அடித்த அடியை அலியின் உச்சம் என்று எல்லோரும் காட்டுவார்கள். வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பு போலீஸ்காரர் சுட்டதில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அன்று அலியின் கால் வேலை அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பெரிய வெற்றி என்று நான் எழுத மாட்டேன்.

மேவெதருக்கு வருவோம். அவருடைய 50ஆவது வெற்றி, 2017இல் கூண்டுச் சண்டை வீரர் மெக்கிரெகருக்கு எதிராக. மெக்கிரெகருக்கு அது தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் போட்டி. அதைக் கழித்துவிடுங்கள். 2009இல் மார்க்கெஸை ஜெயித்தார். மார்க்கெஸ் 135 பவுண்டில் சாம்பியனாக இருந்தவர். பேசி வைத்த எடை 144, மேவெதர் 146இல் வந்து நின்றார். 2013இல் கானெலோவை ஜெயித்தபோது கானெலோவுக்கு 23 வயது, அதுவும் 152 பவுண்டுக்கு இறங்கி வரச் சொல்லி. மேனி பாக்கியாவோவுடன் மோதல் என்று 2009இலேயே பேச்சு எழுந்தது, நடந்தது 2015இல்.

இவ்வளவு சொன்னதால் அவரைக் குறைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2001 ஜனவரியில் தோல்வியே அறியாத டியேகோ கொராலெஸை ஐந்து முறை தரையில் விழ வைத்தார். என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த வெற்றி அது. 2002இல் காஸ்டியோவை ஜெயித்ததாக நடுவர்கள் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. அதே வருடம் திரும்ப மோதி ஜெயித்துக் காட்டினார். தற்காப்பில் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் உச்சத்தில் இருந்த எத்தனை பேரை அவர்களுடைய சொந்த எடையில் சந்தித்தார் என்று விரல் மடக்கினால் அலியின் பட்டியல் நீளம். அதனால்தான் அலி.

கீழக்கரைக்காரர், ரியாத்தில் வேலை: 2024 மே மாதம் உசிக் – ஃபியூரி போட்டி நடந்தபோது இங்கேதான் இருந்தேன். ரூமில் எல்லோரும் ஃபியூரி பக்கம், நான் மட்டும் உசிக். உசிக்கை எந்த இடத்தில் வைப்பீர்கள்?

மிக உயரத்தில், காக்கா (உங்கள் ஊர் வழக்கில் அண்ணன்). இன்றைய தலைமுறையில் எதிராளிகளின் தரத்தை வைத்துப் பார்த்தால் உசிக்கைத் தாண்டி ஒரு பெயர் சொல்வது கடினம்.

அவருடைய பட்டியலில் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான குரூசர் எடையில் பிரியெடிஸை அவருடைய சொந்த ஊரான ரீகாவில் போய் ஜெயித்தார். கஸியேவை மாஸ்கோவில், பெல்லூவை மான்செஸ்டரில். மூன்றும் 2018இல். அப்புறம் ஹெவிவெயிட்டுக்கு ஏறி, 2021இல் ஜோஷுவாவை லண்டனில், ஜோஷுவாவின் ரசிகர்கள் நிறைந்த அரங்கில். எதிராளியின் ஊரில், அவருடைய ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, நெருக்கமான சுற்றுகள் யார் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். அதை மீறிப் புள்ளியில் ஜெயிக்கிறார் என்றால் அந்த வெற்றிக்குக் கூடுதல் மதிப்பெண் போட வேண்டும்.

ஃபியூரியும் அதுவரை தோற்றதே கிடையாது. உசிக்கைவிட ஆறு அங்குலம் உயரம். உங்கள் ரூமில் ஒன்பதாவது சுற்றைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். உசிக்கின் இடது கை அடுத்தடுத்து இறங்குகிறது, ஃபியூரி நிலை தடுமாறி கயிற்றில் மோதி மோதித் திரும்புகிறார், கயிறு மட்டும் இல்லையென்றால் ஆள் கீழேதான். ரிங்கில் நிற்கும் நடுவர் புகுந்து எண்ணுகிறார், அதாவது விழுந்ததாகவே கணக்கு. அந்தச் சில நொடிகள்தான் தீர்ப்பைத் திருப்பின. மூன்று நடுவர்களில் இருவர் உசிக், ஒருவர் ஃபியூரி.

எதிர்த் தரப்பு வாதமும் உண்டு. அதற்கு ஏழு மாதம் முன்பு, கூண்டுச் சண்டையிலிருந்து வந்து குத்துச்சண்டையில் முதல் போட்டி ஆடிய இங்கானூவிடம் ஃபியூரி தரையில் விழுந்து எழுந்தார். வைல்டரோடு மூன்று போட்டி ஆடிய களைப்பு உடம்பில் இருந்திருக்கும். ஃபியூரி தன் உச்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிசம்பரில் திரும்ப மோதி, மூன்று நடுவர்களும் 116-112 என்று ஒரே மாதிரிப் போடும்படி உசிக் ஜெயித்த பிறகு அந்த வாதத்துக்குப் பெரிய பலம் இல்லை.

தொண்டி, கல்லூரி மாணவர்: பழைய ஹெவிவெயிட் சாம்பியன் மார்சியானோ 49-0. ஆனால் அவர் ஜெயித்தது எல்லாம் கிழவர்களை என்று படித்தேன். சரியா?

பாதி சரி. ஜோ லூயிஸுக்கு அப்போது 37, வால்காட்டுக்கு 38. ஆர்ச்சி மூருக்கு 38 அல்லது 41, அவருடைய பிறந்த வருடத்திலேயே தகராறு.

ஆனால் வயதை மட்டும் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். அன்று அவர் உடம்பில் என்ன மிச்சம் இருந்தது என்று பாருங்கள். 1952இல் வால்காட் முதல் சுற்றிலேயே மார்சியானோவை விழ வைத்தார். 13ஆவது சுற்றில் மார்சியானோவின் வலது கைக் குத்து விழும்வரை மூன்று நடுவர்களின் அட்டையிலும் வால்காட்தான் முன்னிலை. மூரும் மார்சியானோவை இரண்டாவது சுற்றில் விழ வைத்தார். அந்தத் தோல்விக்குப் பிறகும் மூர் லைட் ஹெவிவெயிட் சாம்பியனாகப் பல வருடம் இருந்தார். இந்த இரண்டு வெற்றிக்கும் முழு மதிப்பெண். ஜோ லூயிஸை ஜெயித்ததற்கு மட்டும் நான் அதிகம் கொடுக்க மாட்டேன். அது லூயிஸின் கடைசிப் போட்டி.

மண்டபம்: ஒரு வீரர் 25-0 என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த 25 பேரும் உண்மையான ஆட்களா என்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. பாக்ஸ்ரெக் தளத்தில் எல்லோருடைய கணக்கும் இருக்கிறது. அந்த 25 பேரின் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறங்கள். மொத்தக் கணக்கைப் பார்க்காமல், இவரோடு மோதுவதற்கு முந்தைய ஐந்து போட்டிகளைப் பாருங்கள். வரிசையாகத் தோற்று வந்தவரா? ஒரு வருடத்துக்கு மேல் ரிங் ஏறாதவரா? வேறு எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவரா? அவருடைய வெற்றிகள் எல்லாம் ஒரே ஊரில், பெயர் தெரியாத ஆட்களிடமா? இந்த நாலில் இரண்டு பொருந்தினால் அந்த வெற்றியை அரை வெற்றியாக வையுங்கள்.

தோற்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பீட்டர் பக்லி 300 போட்டி ஆடி 256 தோற்றார். நசீம் ஹமீதோடு இரண்டு முறை மோதியவர். அவரைக் கேவலமாகப் பேசாதீர்கள். கடைசி நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து, கையைத் தூக்கி அடியைத் தடுத்து, பெரும்பாலும் நின்றபடியே போட்டியை முடித்துக் கொடுக்கத் தனித் திறமை வேண்டும். வளர்கிற பையனுக்கு அவரைப் போன்றவர்தான் பள்ளிக்கூடம். ஆறாவது போட்டியில் அப்படி ஒருவரோடு மோதுவது நியாயம். 25ஆவது போட்டியிலும் அவரே எதிரே நிற்கிறார் என்றால் அந்த விளம்பரத்தை நம்பாதீர்கள்.

தேவிபட்டினம்: டைசன்?

1988இல் மைக்கேல் ஸ்பிங்ஸ், 31-0, 91 நொடியில் முடிந்தது. டைசனின் பெரிய வெற்றி அதுதான். அதே வருடம் டைசன் வீழ்த்திய ஹோம்ஸுக்கு 38 வயது, 21 மாதம் ரிங் ஏறாமல் வந்தவர். டைசன் ஹோலிஃபீல்டிடம் இரண்டு முறையும் லெனாக்ஸ் லூயிஸிடம் ஒரு முறையும் தோற்றார். பயமுறுத்தியதில் முதலிடம், பட்டியலில் முதல் பத்துக்கு வெளியே. கோபப்படாதீர்கள்.

ராமேஸ்வரம், ஒரு அம்மா: என் மகள் மூன்று வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறாள். ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

அக்கா, இதுவரை நான் சொன்னதெல்லாம் தொழில்முறை ஆட்டம். அங்கே யாரோடு மோதுவது என்று மேலாளர் பேசி முடிவு செய்வார். உங்கள் மகள் ஆடுவது அமெச்சூர். அங்கே எதிராளியை முடிவு செய்வது குலுக்கல். முதல் சுற்றிலேயே மாநில சாம்பியன் வந்து நிற்கலாம். பட்டியலில் அது வெறும் தோல்வி என்றுதான் பதிவாகும்.

மேரி கோமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிகக் குறைந்த எடை 51 கிலோ. மேரி கோம் உலகப் பட்டங்களை ஜெயித்தது 45, 46, 48 கிலோவில். எடை ஏறித்தான் ஆட வேண்டியிருந்தது. அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்றார். ஆடம்ஸ்தான் தங்கம் வென்றவர். தன்னைவிடப் பெரிய உடம்போடு, அந்த எடையின் ஆகச் சிறந்த ஆளிடம் தோற்ற தோல்வி அது. கையில் வெண்கலம் இருந்தது.

மகளை ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். யாரிடம் தோற்றாள், அந்தப் பெண் அந்தப் போட்டியில் எதுவரை போனாள், எத்தனை சுற்று நெருக்கமாக இருந்தது என்று எழுதி வைக்கட்டும். தோற்கடித்தவர்கள் எல்லாம் இறுதிப் போட்டிக்குப் போகிறவர்கள் என்றால் பிள்ளை நன்றாக ஆடுகிறாள். ஒன்று மட்டும் கண்டிப்பு. தலையில் பலமாக அடி வாங்கி, தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சொன்னால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அவர் சரி என்கிறவரை ரிங் பக்கமே விடாதீர்கள். சொந்தக்காரர்களிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

பெரியபட்டினம்: கோலோவ்கினோடு பெரிய ஆட்கள் மோத மறுத்தார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் பட்டியல் மெலிந்திருப்பது அவர் குற்றமா?

இல்லை. ஆனாலும் பட்டியல் மெலிந்ததுதான். கானெலோ எதிரே வந்து நின்ற 2017இல் கோலோவ்கினுக்கு 35 வயது ஆகிவிட்டது. அவர்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. 1940களில் சார்லி பர்லி என்று ஒருவர் இருந்தார். 1944இல் ஆர்ச்சி மூரையே ஜெயித்தவர். அவருக்கு உலகப் பட்டத்துக்கான போட்டி ஒன்றுகூட கிடைக்கவில்லை. சுகர் ரே ராபின்சனும் அவரோடு மோதியதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: கிடைத்த ஆட்களை எப்படி ஜெயித்தார் என்று பார்ப்பது. தடுமாறி ஜெயித்தாரா, துடைத்து எடுத்தாரா?

முத்துப்பேட்டை: எங்கள் தாத்தா 1980இல் சென்னையில் அலி ஆடியதைப் பார்த்திருக்கிறார். அது கணக்கில் வருமா?

வராது தம்பி, அது ஜிம்மி எல்லிஸோடு ஆடிய காட்சிப் போட்டி. ஆனால் எல்லிஸ் சாதாரண ஆள் கிடையாது, உலகப் பட்டம் வைத்திருந்தவர். அலி அவரை 1971இல் நிஜப் போட்டியில் 12ஆவது சுற்றில் ஜெயித்தார். தாத்தாவிடம் உட்கார்ந்து முழுக்கக் கேட்டு, போனில் பதிவு செய்து வையுங்கள்.

ஏர்வாடி: ஒரே ஒரு வீரரின் பட்டியலைப் படித்து இந்த வித்தையைப் பழக வேண்டும் என்றால் யாருடையது?

எஸார்ட் சார்ல்ஸ். மொத்தக் கணக்கைப் பார்த்தால் இருபதுக்கு மேல் தோல்வி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதில் பெரும்பகுதி உடம்பு விட்டுக்கொடுத்த கடைசி வருடங்களில் வந்தது. 1942 முதல் 1951 வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பர்லியை இரண்டு முறை, ஆர்ச்சி மூரை மூன்று முறை, வால்காட்டை இரண்டு முறை, 1950இல் ஜோ லூயிஸை ஒரு முறை ஜெயித்திருக்கிறார். 1954இல் மார்சியானோவோடு 15 சுற்றும் நின்று ஆடிய ஒரே ஆளும் இவர்தான், அதில் தோற்றார். ஒவ்வொரு பெயராகத் திறந்து, அந்தத் தேதியில் அந்த ஆள் எப்படி இருந்தார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மூரின் பக்கத்தில் ஆரம்பியுங்கள்.