பிலிப்பினோ வீட்டுக்குப் போகிறோம், கையில் என்ன கொண்டுபோக?

கேள்வி (துபாயிலிருந்து ஒரு வாசகி): என் கணவரோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பிலிப்பினோ நர்ஸ் எங்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் அவர், அவர் கணவர், ஏழு வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. பூவும் பழமும் போதுமா, இல்லை கொஞ்சம் பெரிய பொருளாக வாங்க வேண்டுமா?

பதில்: பூவும் பழமும் தப்பே இல்லை. ஆனால் அதைவிட நல்லதாகவே கொடுக்கலாம், செலவும் அதிகம் ஆகாது.

முதலில் ஒரு வார்த்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்: பசலூபோங். வெளியூர் போனவர் திரும்பி வரும்போது வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வாங்கி வருவதற்கு அந்தப் பெயர். எதிர்கொண்டு வரவேற்பது என்ற பொருள் உள்ள 'சலூபோங்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரெண்டு நாள் பாகியோ போய் வந்தாலும் ஸ்ட்ராபெரி ஜாம் வரும், சேபு போனவர் காய்ந்த மாம்பழம் கொண்டு வருவார், பிக்கோல் பக்கம் போனவர் பிலி பருப்பு கொண்டு வருவார். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கும் ஒரு பாக்கெட் உண்டு. எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கே இருந்தபோது என் ஞாபகம் வந்ததா என்பதுதான் பார்வை. நீங்கள் விருந்துக்குப் போகிறீர்கள், கறாராகச் சொன்னால் அது பசலூபோங் ஆகாது. ஆனாலும் கையில் இருப்பதை அவர்கள் பார்ப்பது அதே மனசோடுதான். அதனால் சூப்பர் மார்க்கெட்டில் எல்லோருக்கும் கிடைக்கிற சாக்லேட் டப்பாவை விட உங்கள் ஊரைச் சொல்லும் ஒன்று அவர்கள் மனசில் நிற்கும்.

என்னைக் கேட்டால் கோவில்பட்டி கடலை மிட்டாய். பத்தாங்காஸ் பக்கம் பனூச்சா என்று ஒன்று இருக்கிறது, கரும்புச் சர்க்கரைப் பாகில் வேர்க்கடலையைப் போட்டு வட்டமாக உறைய வைத்தது. அந்த மாமியார் உங்கள் கடலை மிட்டாயை ஒரு கடி கடித்ததும் அதைத்தான் சொல்லப்போகிறார், அப்புறம் உங்களுக்குள் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. புளி மிட்டாயும் அப்படித்தான், அவர்கள் ஊரில் புளிக்குச் சாம்பாலோக் என்று பெயர், அதில் சர்க்கரையும் உப்பும் போட்டு உருட்டிய மிட்டாய் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். முந்திரியும் பழகியதுதான், எனவே காஜு கத்லி தைரியமாக வாங்கலாம். நெய் சொட்டும் மைசூர்பாகு, அல்வா மட்டும் கொஞ்சமாக. இனிப்பு அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் நெய் வாசனை புதுசு, ரெண்டு வாயில் திகட்டிவிடலாம். அதற்கு அவர்கள் மொழியில் உமாய் என்றே தனிச்சொல் இருக்கிறது. காரம் வேண்டாம். பிக்கோல்காரர்கள் மிளகாய் தின்பார்கள், மற்றவர்களுக்குப் பொதுவாகப் பழக்கம் இல்லை.

நீங்கள் சைவம் என்றால் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு பெரிய டப்பா எலுமிச்சை சாதமும் எடுத்துப் போங்கள். கலமன்சி என்ற சின்ன எலுமிச்சையை எதிலும் பிழிந்து சாப்பிடுகிறவர்கள் அவர்கள், அந்தப் புளிப்பு நாக்குக்கு அந்நியமாக இருக்காது.

இதெல்லாம் மேஜையில் வைக்க. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோ வீட்டில் எங்காவது ஒரு மூலையில், கட்டிலுக்குப் பக்கத்திலோ கதவுக்குப் பின்னாலோ, பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாய் திறந்தபடி இருக்கும். பாலிக்பாயன் பெட்டி. பாலிக் என்றால் திரும்புதல், பாயன் என்றால் நாடு, ஊர். சம்பளம் வரும்போதெல்லாம் கார்ன்ட் பீஃப் டின் நாலு, சோப்பு அரை டஜன், லோஷன், காபித்தூள், துண்டு, யாரோ ஒரு மருமகனுக்கு ஷூ என்று அதில் சேர்ந்துகொண்டே போகும். ஷூவுக்குள் சாக்ஸைத் திணிப்பார்கள், சாக்ஸுக்குள் சாக்லேட்டைத் திணிப்பார்கள், ஏனென்றால் கப்பலில் அனுப்பும்போது எடைக்கு இல்லை, பெட்டிக்குத்தான் காசு. நிரம்பியதும் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, மார்க்கரில் நாலு பக்கமும் பெயர் எழுதி அனுப்பினால், மாசக்கணக்கில் கடலில் கிடந்து வீடு போய்ச் சேரும். 2016-இல் வந்த சுங்கச் சட்டப்படி வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் வருஷத்துக்கு 3 தடவை வரை, மொத்தம் 1,50,000 பேசோ மதிப்புக்கு வரியில்லாமல் இப்படி அனுப்பலாம், விற்பனைக்காக இல்லாமல் வீட்டு உபயோகத்துக்கு என்றால்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், பல வருஷம் முன்னால் என்னோடு வேலை பார்த்த ஒரு பிலிப்பினோ அக்காவுக்கு நல்ல துண்டு செட் ஒன்று தேடித் தேடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாசம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அது பிரிக்கப்படாமல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. எனக்கு முகம் சுருங்கிப் போனது, பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். அப்புறம் ஒருநாள் அவரே போனில் ஒரு படத்தைக் காட்டினார். நெல் காயும் முற்றத்தில் அவர் அம்மா நிற்கிறார், தோளில் அந்த நீலத் துண்டு, இன்னும் மடிப்புக்கூடக் கலையாமல். இருந்ததிலேயே நல்லது அதுதான் என்பதால்தான் அவர் அதை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

அன்றிலிருந்து பிலிப்பினோ வீட்டுக்குப் பொருள் வாங்கும்போது அந்தப் பெட்டியை மனசில் வைத்துத்தான் வாங்குகிறேன். நீங்களும் உடையாத, கெட்டுப்போகாத, சீல் பிரிக்காத பொருளாக, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று பிரித்துக்கொள்ள வசதியாக ரெண்டாக வாங்குங்கள். நல்ல குளியல் சோப்பு, கைக்கு லோஷன், டின்னில் பால்பவுடர், தேயிலை. கொடுக்கும்போது "இது உங்களுக்கு, இது பெட்டிக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த நர்ஸின் முகத்தைப் பாருங்கள் அப்போது.

மாமியாரை லோலா என்று கூப்பிடலாம், பாட்டி என்று அர்த்தம், பேரன் வாயில் அப்படித்தான் வரும். அவருக்கென்று தனியாக ஒரு தைலம் வாங்குங்கள். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் தேய்க்கிற தைலத்தின் மேல் லோலாக்களுக்குத் தனிப் பிரியம். அவர் கையை நீட்டினால் அது கைகுலுக்க இல்லை, மானோ. குனிந்து அவர் புறங்கையை உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும், நாம் காலைத் தொட்டுக் கும்பிடுவது போல. உங்களிடம் அவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் உங்கள் பிள்ளைகள் செய்தால் அந்தப் பாட்டிக்கு வேறு பரிசே வேண்டாம். பையனுக்குக் கலர் பென்சில் போதும்.

கிளம்பும்போது மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுப்பார்கள். பபாவோன் என்பார்கள், நம் கட்டுச்சோறுதான். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளாதீர்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்க வேண்டாம், அதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி (குவைத்திலிருந்து ஒரு வாசகர்): பிலிப்பினோ நண்பர் வீட்டில் நான் கொடுத்த பரிசை வாங்கி அப்படியே உள்ளே வைத்துவிட்டார்கள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஏதாவது தப்பாகிவிட்டதா?

பதில்: இல்லை. கொடுத்தவர் எதிரிலேயே பிரிப்பது ஆசைப்படுவது போலத் தெரியும் என்று பலர் அங்கே கூச்சப்படுவார்கள். ஹியா என்பார்கள் அந்தக் கூச்சத்தை. நம் வீடுகளிலும் பெரியவர்கள் அப்படித்தானே உள்ளே எடுத்து வைப்பார்கள்? அவராகச் சொல்லும்வரை "பிடித்ததா" என்று கேட்காதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி): கூட வேலை பார்க்கும் தோழியோடு டிசம்பரில் இலோய்லோவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறேன். பெரிய குடும்பம், கிறிஸ்துமஸ் நேரம். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டுமா? நாங்கள் இந்துக்கள், சாமி சம்பந்தமான பொருள் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: ஆளுக்கு ஒன்று வேண்டும், ஆனால் சின்னதாக இருந்தால் போதும். செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட ஆரம்பிக்கிற நாடு அது, டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியலுக்கு முன்னால் பூசை, அந்தச் சமயத்தில் வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்கள் தோழிக்கே சரியாகத் தெரியாது. அதனால் பெயர் எழுதாத பத்துப் பன்னிரண்டு பொட்டலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், சாவிக்கொத்து, சின்ன பர்ஸ், மிட்டாய்ப் பை, இப்படி. பர்ஸ் கொடுத்தால் காலியாகக் கொடுக்காமல் உள்ளே ஒரு நாணயம் போடுங்கள். வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணை விட்டுவிடாதீர்கள், அவளும் அந்த மேஜையில்தான் உட்காருவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து மானோ செய்துவிட்டு நின்றால் அகினால்டோவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது நம் பொங்கல் படி மாதிரி. புது 20 பேசோ நாணயமும் 50 பேசோ நோட்டும் மாற்றி வைத்திருங்கள்.

சாமி பொருளைப் பற்றித் தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள், ஆனால் எல்லோரும் இல்லை. இக்லேசியா நி கிறிஸ்தோ சபையார் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை, தெற்கே மிண்டனாவோ தீவில் முஸ்லிம்கள் நிறைய. கத்தோலிக்க வீடு என்றால் தோழியின் அம்மாவுக்கு வேளாங்கண்ணியிலிருந்து ஒரு ஜெபமாலை வரவழைத்துக் கொண்டுபோங்கள். நீங்கள் இந்து என்பதால் அதன் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. நம் ஊரில் எல்லா மதத்துக்காரர்களும் அந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று சொல்லுங்கள், அந்த அம்மா கண் கலங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த நாட்டுக் கத்தோலிக்கர்கள் உயிராக மதிக்கும் சேபுவின் குழந்தை இயேசு சிலையே, 1521-இல் கடலோடி மெகல்லனின் கப்பலில் வந்தவர்கள் அங்கிருந்த அரசன் ஹுமாபோனின் மனைவிக்குக் கொடுத்த பரிசுதான். அதற்கு இன்றும் ஜனவரி மூன்றாம் ஞாயிறு திருவிழா எடுக்கிறார்கள்.

பழம், செடி, இறைச்சி எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அப்புறம், விடியல் பூசை முடிந்து வெளியே வந்ததும் பூத்தோ பும்போங் கேளுங்கள். மூங்கில் குழலில் அவித்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டு, வாழையிலையில் தருவார்கள். ஊதா நிறக் குழாய்ப்புட்டு. எனக்கு முதல் வாயிலேயே பாட்டி வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது.

திரும்பும்போது பிஸ்கோச்சோ என்ற மொறுமொறு ரொட்டியைப் பாக்கெட்டாகக் கொடுத்து அனுப்புவார்கள். பெட்டியில் இடம் விட்டே போங்கள்.

கேள்வி (அபுதாபியிலிருந்து ஒரு வாசகர்): பிலிப்பினோ நண்பருக்கு மணிலாவில் கல்யாணம். நல்ல ஜெர்மன் கத்தி செட் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கல்யாணத்துக்குக் கத்தி வேண்டாம். உறவை வெட்டும் என்று நம்புகிறவர்கள் அங்கே நிறைய. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நண்பர் உங்களுக்கு ஒரு நாணயம் திருப்பிக் கொடுத்து விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார், ஆனால் அவருடைய அத்தை சித்திகள் எல்லோருக்கும் அதை விளக்க முடியாது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்கள், நல்ல ரைஸ் குக்கர் இருக்கிறதா என்று கேட்டு அதை வாங்குங்கள். கத்தி செட்டை அவர்கள் குடித்தனம் தொடங்கியபின் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

விருந்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடும்போது ஒவ்வொருவராகப் போய் அவர்கள் உடையில் பண நோட்டைக் குத்துவார்கள். மொய் எழுதிப் பழகிய நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. மொய்தான், நோட்டுப் புத்தகம் மட்டும் இல்லை. நீங்களும் எழுந்து போய்க் குத்துங்கள், ஓரமாக நிற்க வேண்டாம். 2022-லிருந்து 1000 பேசோ பாலிமரிலும் வருகிறது, ஊசி பட்டால் ஓட்டை அப்படியே நிற்கும், அதனால் அதைக் கவரில் போட்டுப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்குக் காகித நோட்டாக நாலைந்து சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.