அமெரிக்க ராணுவ இடமாற்றம் நடுக்கல்வியாண்டில் வந்தால் பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

ஜனவரியில் வேறு மாநிலத்துக்கு இடமாற்றம், மகள் 11-ஆம் வகுப்பு, மகன் 4-ஆம் வகுப்பு, அவனுக்கு ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலைமையில் அவசரமான வேலை, பள்ளி தந்த குரோம்புக் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பள்ளிக் கணக்கில் உள்ள கோப்புகளை எடுத்துக்கொள்வதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உரிமைகள்.

ராணுவப் பிள்ளைகளின் கல்விக்காக மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று 50 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அதில் உண்டு. பொதுப் பள்ளிகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். தனியார் பள்ளியில் சேர்த்தால் இதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் (பாட, மதிப்பெண் பதிவேடு) வந்தால்தான் சேர்ப்போம் என்று புதிய பள்ளி சொல்லக் கூடாது, நீங்கள் கையில் கொண்டுபோகும் நகலை வைத்தே சேர்க்க வேண்டும். அவர்கள் கேட்ட 10 நாளுக்குள் பழைய பள்ளி அசலை அனுப்ப வேண்டும். விடுபட்ட தடுப்பூசிகளுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மகள் ஏபி (கல்லூரித் தரப் பாடம்), ஹானர்ஸ் (உயர்நிலைப் பாடம்) வகுப்புகளில் இருந்தால், புதிய பள்ளியில் அந்தப் பாடங்கள் இருக்கும்பட்சத்தில் முதலில் அதே நிலையில் வைத்துவிட்டுத்தான் பிறகு மதிப்பிடலாம்.

ஒப்பந்தத்தால் எளிதில் தீர்க்க முடியாத சிக்கல் கால அட்டவணை. சில பள்ளிகளில் ஒரு பாடம் ஆண்டு முழுக்க ஓடும். 'பிளாக்' முறைப் பள்ளிகளில் நான்கு பாடங்களை ஒரே செமஸ்டரில் முடித்துவிட்டு, அடுத்த செமஸ்டரில் வேறு நான்கைத் தொடங்குவார்கள். ஆண்டு முறையிலிருந்து ஜனவரியில் பிளாக் பள்ளிக்குப் போனால் மகளிடம் பாதி முடிந்த ஏழெட்டுப் பாடங்கள் இருக்கும். மறுபாதியைத் தொடர அங்கே வகுப்பே இருக்காது. எதிர்த்திசையில் போனால், இன்னும் தொடாத பாடத்தில் மற்றவர்கள் பாதியைத் தாண்டியிருப்பார்கள். எனவே இடமாற்ற ஆணை கைக்கு வந்ததுமே புதிய பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர்களின் பாடத் தேர்வைக் கவனிக்கும் ஆலோசகர்) எந்த முறை என்று கேளுங்கள். டிரான்ஸ்கிரிப்டோடு விலகும் நாளின் மதிப்பெண், பாடப்புத்தகத்தின் பெயர், எந்த அத்தியாயம் வரை முடிந்தது, பள்ளிக் கையேட்டில் உள்ள பாட விளக்கம் இவற்றையும் வாங்குங்கள். கணிதப் பிரிவுகளைக் கலந்து நடத்தும் 'இன்டக்ரேட்டட் மேத் 2' என்ற பெயர் மட்டும் இருந்தால், ஆல்ஜீப்ரா, ஜியோமெட்ரி என்று பிரித்து நடத்தும் பள்ளியில் அது எதற்கு ஈடு என்று யாருக்கும் விளங்காது.

இப்போது கணக்குகள். பள்ளியிலிருந்து விலகியதும் மாணவரின் கூகுள் கணக்கு எந்த நாளும் முடக்கப்படலாம். முடங்கினால் கட்டுரைகள், புராஜெக்ட்கள் எல்லாம் அதோடு போய்விடும். பள்ளிக் கணக்கில் நுழைந்து கணக்கில் உள்ளவற்றை வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் 'டிரான்ஸ்ஃபர்' பக்கத்துக்குப் போங்கள். சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் அங்கே ஒரு குறியீடு வரும். அதை உள்ளிட்டு டிரைவையும் மெயிலையும் தேர்ந்தெடுங்கள். சில மணி நேரத்தில் முடியலாம், ஒரு வாரமும் ஆகலாம், அதனால் இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். மாணவர் உரிமையாளராக இருக்கும் கோப்புகள்தான் நகலாகும். ஆசிரியரோ நண்பரோ பகிர்ந்தவற்றை முன்கூட்டியே 'மேக் எ காப்பி' போட்டு வையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பள்ளி நிர்வாகம் டிரான்ஸ்ஃபரை அடைத்து வைத்திருந்தால், முக்கியமானவற்றை மட்டும் பிடிஎஃப் ஆக இறக்குங்கள். பெற்றோர் போர்ட்டலில் உள்ள மதிப்பெண் பக்கங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏபி தேர்வையும் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வையும் நடத்தும் காலேஜ் போர்டில் மகளின் கணக்கு பள்ளி மின்னஞ்சலில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். அந்த அஞ்சல்பெட்டி மூடியபின் கடவுச்சொல்லை மறந்தால் ஏபி, எஸ்ஏடி மதிப்பெண்களைப் பார்க்கவே பெரிய அலைச்சலாகிவிடும்.

மகனுக்குப் புதிய பள்ளி, பழைய ஐஇபிக்கு ஈடான சேவைகளை முதல் நாளிலிருந்து தர வேண்டும், மறுமதிப்பீடு பிறகு. ஆனால் பள்ளி வாங்கிக் கொடுத்த கருவி பள்ளிக்குத்தான் சொந்தம், கூட வராது. ஐஇபியில் ஒரு செயலியின் பெயர் மட்டும் இருந்தால், 'எங்களிடம் அதற்கு உரிமம் இல்லை' என்ற பதில் வரும். கிளம்பும் முன் ஐஇபி குழுவிடம் சொல்லி, அது செய்யும் வேலையை எழுதச் சொல்லுங்கள்: எழுத்தை உரக்கப் படிப்பது, பேச்சை எழுத்தாக்குவது, அடுத்த சொல்லை ஊகித்துத் தருவது. அவன் பழகிய வாசிப்பு வேகம், எழுத்தளவு, நிறம் ஆகிய அமைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள்.

பாட இடைவெளியை நிரப்ப ராணுவக் குடும்பங்களுக்கு இலவசப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள். பள்ளி முரண்டு பிடித்தால், புதிய ராணுவத் தளத்தின் 'ஸ்கூல் லியேசான்' அதிகாரியை (பள்ளிகளோடு பேசி உதவுபவர்) அழையுங்கள். ஒப்பந்தத்தை அவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

டிரான்ஸ்கிரிப்ட், தடுப்பூசி அட்டை, ஐஇபி, பிறப்புச் சான்றிதழ், இடமாற்ற ஆணை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும், ஸ்கேன் செய்த பிரதி ஒரு யுஎஸ்பியில். கோப்பைக் காரில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றிய பெட்டிகள் வந்து சேர வாரக்கணக்காகலாம்.