சொல்லும் பொருளும்: கஞ்சன் யார்?

கேள்வி: 'கஞ்சன்' என்ற சொல்லின் சரியான பொருள் என்ன? கண்ணன் கதையில் வரும் கஞ்சனோடு இதற்குத் தொடர்பு உண்டா? என் மாமியார் எண்ணெய்ப் பாக்கெட்டைக் கத்தரித்துக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டுவரை வடித்தெடுப்பார்; ஆனால், வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பியதே இல்லை. அவரை உறவினர்கள் 'கஞ்சம்' என்பது சரியா? இச்சொல்லுக்குப் பெண்பால் உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கையில் பொருள் இருந்தும், தனக்கோ பிறர்க்கோ செலவிட வேண்டிய இடத்தில் செலவிட மனம் வராதவனே கஞ்சன். கருமி, உலோபி, பிசினாறி ஆகியனவும் இப்பொருளில் வழங்குகின்றன. இந்தியிலும் உருதுவிலும் உள்ள 'கஞ்சூஸ்' என்ற சொல்லுக்கும் இதுவே பொருள்.

கண்ணனின் மாமனாகிய கஞ்சன் வேறு. வடமொழியில் 'கம்ஸன்' என வரும் பெயரே தமிழில் கஞ்சன் ஆயிற்று. வெண்கலத்தைக் குறிக்கும் 'காம்ஸ்யம்' கஞ்சம் ஆனதும், அதனால் செய்த தாளம் முதலியவற்றைக் கஞ்சக்கருவி என்பதும் இதே போன்ற திரிபுதான். திருப்பாவையில் "கஞ்சன் வயிற்றில் நெருப்பென்ன நின்ற நெடுமாலே" என்று ஆண்டாள் பாடுவது அந்தக் கொடுங்கோலனைத்தான். அவன் கதையில் ஈயாமை பேசப்படுவதில்லை. இரண்டு சொற்களும் ஒலியில் ஒன்றுபட்டன, அவ்வளவே.

உங்கள் மூன்றாம் கேள்விக்குத்தான் விரிவாக விடை சொல்ல வேண்டும். வள்ளுவர் இக்குணத்தை 'இவறன்மை' என்கிறார். மற்றக் குற்றங்களோடு ஒன்றாக வைத்து எண்ண முடியாத அளவுக்கு அது தனிப் பெருங்குற்றம் என்பது 438ஆம் குறளின் கருத்து. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், பொருளை 'விடத்தகுமிடத்து' விடாமல் பற்றும் உள்ளம் என்று விளக்குகிறார். இந்த ஒரு சொல்லில் முழு விடையும் அடங்கியிருக்கிறது. விடத்தகாத இடத்தில் பொருளைக் காப்பவரை இச்சொல் தொடாது. வருவாய் சிறிதானாலும் செலவு அதை மீறிப் பெருகாவிட்டால் கேடில்லை என்று சிக்கனத்தை ஏற்பவரும் அதே வள்ளுவர்தான் (478).

"எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான்" என்ற வழக்கும் இதையே காட்டுகிறது. உண்ட கையை வீசினால் ஒட்டியிருக்கும் பருக்கை சிதறும், அதைக் காக்கை தின்றுவிடும் என்று அஞ்சுகிறவன் அவன். உண்ட ஈரக்கையைக்கூட உதறாத கயவரைப் பற்றி 1077ஆம் குறள் பேசுவதால், இந்தப் பார்வை நம்மிடம் மிகப் பழையது எனலாம். இரண்டிலும் பழிக்கப்படுவது, தனக்குப் பயன்படாத பருக்கையும் பிறர்க்குப் போகக் கூடாது என்னும் மனம். உங்கள் மாமியார் வடித்தெடுக்கும் எண்ணெயோ வந்தவர் இலைக்குத் தோசையாகப் போய்ச் சேர்கிறது. அவரைக் கஞ்சம் என்பது பிழை மட்டுமன்று, அநீதியும்கூட. குறைந்த வருவாயில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கரையேற்றிய எத்தனையோ பெண்கள் மேல் இந்தச் சொல் இப்படிப் பொறுப்பின்றி வீசப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு உரிய சொல் 'செட்டு'. 'செட்டாகக் குடித்தனம் நடத்துபவர்' என்று சொல்லுங்கள்.

பெண்பாலைப் பொறுத்தவரை, 'கஞ்சி' என்பது உணவைக் குறிப்பதால் அவ்வடிவம் வழங்குவதில்லை. பேச்சில் 'கஞ்சம்', 'கஞ்சப் பிசினாறி' ஆகியவை இருபாலார்க்கும் பொதுவாக வரும்; எழுத்தில் கருமி, உலோபி என்பனவற்றை இருபாலார்க்கும் ஆளலாம்.