நிற்க வேண்டிய லேயர் ஏன் அசைகிறது?

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் இரண்டாவது, மூன்றாவது கீஃப்ரேம்களில் (குறிப்பிட்ட நேரத்தில் ஒரு மதிப்பைப் பதிந்து வைக்கும் புள்ளிகள்) பொசிஷன், அதாவது இருக்கும் இடத்தின் மதிப்பு ஒன்றுதான், ஆனாலும் நடுவில் லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) லேசாக நழுவித் திரும்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எஃப்9 தட்டி ஈஸி ஈஸ் (அசைவை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும் அமைப்பு) கொடுத்தும் தீரவில்லை. தீராது. அது வேகத்தை மாற்றும், பாதையைத் தொடாது.

பொசிஷனுக்கு இரண்டு வளைவுகள் உண்டு. ஒன்று நேரத்துக்கு, இன்னொன்று திரையில் போகும் வழிக்கு. வழி வளைவை மென்பொருள் தானாகவே ஆட்டோ பெசியராக, அதாவது தானே வழுவழுப்பாக வளையும் கோடாக வைத்துவிடும். முதல் கீஃப்ரேமிலிருந்து வந்த போக்கிலேயே கைப்பிடிகள் (வளைவின் திசையைத் தீர்மானிக்கும் சிறு கோடுகள்) நீண்டுகொண்டிருப்பதால், லேயர் குட்டியாக ஒரு சுற்றுப் போட்டுவிட்டு வருகிறது. திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளிக் கோட்டில் அந்தச் சுழி தெரியும்.

அந்த இரண்டு கீஃப்ரேம்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், கே). வரும் பெட்டியில் ஸ்பேஷியல் இன்டர்போலேஷனை (திரையில் போகும் வழியின் அமைப்பு) லீனியர், அதாவது நேர்கோடு ஆக்கினால் சரி. ஈஸ் அப்படியே இருக்கும்.

அடிக்கடி இப்படி ஆனால், பிரிஃபரன்ஸஸில் ஜெனரல் பக்கத்தில் இதையே இயல்பாக்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. நான் அதைப் போட்டே வைத்திருக்கிறேன். வளைவு வேண்டிய இடத்தில் கையால் இழுத்துக்கொள்வது எனக்கு எளிது.